எட்டாவது பெயர்ப்பலகை

கஜபதி கொல்லைப்பக்கம் குந்தி உட்கார்ந்து எலுமிச்சம்பழத் தோலால் நகக்கண்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரிலிருந்து எடுத்த பெட்ரோல் போட்டுப் பார்த்தாயிற்று. பாத்திரம் விளக்கும் பவுடரும் போட்டாயிற்று. முப்பத்திரண்டு வருஷத்துக் கிரீஸ் முப்பது நிமிஷத்தில் போய்விட்டால் அது கிரீஸே இல்லை.

"மணி பத்தாவுது. இன்னும் எம்மா நேரம் கையப் புடிச்சிகினு உக்காந்திருப்பீங்க?" என்றாள் கஸ்தூரி சமையலறை ஜன்னலிலிருந்து.

"பதினொரு மணிக்கு அவங்க வந்துடுவாங்க. கை சுத்தமா இருக்கணும்."

"ஊடு வாங்கப் போறது நாம. பணம் குடுக்கப் போறதும் நாம. பொண்ணு பாக்க வர்றாப்ல அவங்க எதுக்கு நம்மள வந்து பாக்கணும்?"

நியாயமான கேள்வி. கஜபதி எலுமிச்சம்பழத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

கஜபதி ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டர். இன்னும் எட்டு மாதத்தில் ரிட்டயர்மென்ட். அன்றைக்கே குவார்ட்டர்ஸைக் காலி பண்ணியாக வேண்டும். கஸ்தூரிக்குத் திருநின்றவூரில் ஒரு கிரவுண்டு மனை வாங்கி, ஏரிக்காற்று வருகிற மாதிரி வீடு கட்டிக்கொள்ள ஆசை. கஜபதி மட்டும் மேற்கு மாம்பலம் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

காரணம் மகள் அகல்யா. ஆடிட்டர் பரீட்சைக்குப் படிக்கிறாள். கோச்சிங் வகுப்பு மேற்கு மாம்பலத்தில், காலை ஆறரை மணிக்கு. நாலு மணிக்கு எழுந்து, மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், பார்க் ஸ்டேஷனுக்கு ஓடி, இன்னொரு வண்டி பிடித்து, மாம்பலத்தில் இறங்கி வகுப்பில் உட்காரும்போது அவளுக்குத் தூக்கம் வரும். போன தடவை ஒரு பேப்பர் போய்விட்டது. வண்டியில் நின்றபடியே தூங்கி விழுந்து நெற்றியில் அடிபட்டுக்கொண்டு வந்தாள் ஒரு நாள். அன்றைக்கே கஜபதி முடிவு பண்ணிவிட்டார். என் பெண் வகுப்புக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு வாங்குவேன். இல்லாவிட்டால் முப்பத்திரண்டு வருஷம் உழைத்து என்ன பிரயோஜனம்?

இன்னொரு காரணமும் உண்டு, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மகளை வகுப்பில் விடப் போனபோது அந்தத் தெருக்களைப் பார்த்திருக்கிறார். அங்கே இட்லிக் கடைக்காரர்கூட ஒரு கையில் இங்கிலீஷ் பேப்பரோடு இட்லி எடுத்து வைப்பார். மாடிக்கு மாடி டியூஷன், வாசலுக்கு வாசல் பட்டம். அந்தத் தெருவில் நடக்கும்போது கஜபதி கையிரண்டையும் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

புரோக்கர் தங்கவேல் ஒரு வீடு பிடித்தான். 'ஞானாலயா' என்று பழைய கட்டடம். எட்டு வீடு, லிஃப்ட் கிடையாது, அதனால் பி.எஃப். பணத்துக்கு எட்டுகிற விலை. இரண்டாம் மாடியில் ஒரு வீடு காலி. அதன் சொந்தக்காரர் அமெரிக்காவில் இருக்கிறார். விற்றுக் கொடுக்கிற பொறுப்பைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராகவனிடம் விட்டுவிட்டார். ராகவன் ரிட்டயர்டு கணிதப் பேராசிரியர்.

"அண்ணாத்தே, ஒரு விசயம்," என்று தங்கவேல் போனில் சொன்னான். "அவங்க துட்ட பாக்க மாட்டாங்க, ஆளத்தான் பாப்பாங்க. பத்து பார்ட்டிய இட்டுனு போனேன், பத்தையும் வேணான்ட்டாங்க. ஆனா ஒன்னியப் பத்தி சொன்னேன் பாரு, ஆவடி ஃபேக்டரின்னதும் அந்த புரொபசர் சேர்லேர்ந்து எய்ந்து நின்னுட்டாரு!"

ஃபிட்டருக்காக எந்தப் பேராசிரியர் எழுந்து நிற்பார்? தன்னைப் பெரிய ஆபீசர் என்று நினைத்துவிட்டார்கள் என்று அவராகவே அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார். படிக்கட்டு முழுக்கப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. குடங்களைத் தாண்டித் தாண்டி ஏறும்போதே பெயர்ப்பலகைகளையும் படித்தார். முனைவர் ராகவன், கணிதம். முனைவர் ரேவதி, வேதியியல். முனைவர் இன்னார், தத்துவம். முனைவர் இன்னார், பொருளாதாரம். ஏழு வீட்டு வாசலிலும் முனைவர். எட்டாவது வீட்டில் மட்டும் பலகையைக் கழற்றிவிட்ட நாலு ஆணித் துளைகள். அந்தத் துளைகளைப் பார்த்துக் கஜபதிக்கு வியர்த்தது. அங்கே என்ன எழுதி மாட்டுவது? 'கஜபதி, ஐ.டி.ஐ.' என்றா?

ராகவன் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க, வாங்க! ஆவடி ஃபேக்டரிதானே? அங்க நீங்க என்னவா இருக்கீங்க?"

'ஃபிட்டர்' என்று சொல்லத்தான் கஜபதி வாயைத் திறந்தார். திறந்த வாயோடு அந்த ஏழு பலகையும் கண்ணுக்குள் வந்து நின்றன.

"ஆராய்ச்சிப் பிரிவுங்க," என்றது வாய்.

ராகவனின் முகம் சுருங்கிப் போயிற்று. "ஆராய்ச்சியா? தங்கவேல் வேற மாதிரி சொன்னாரே..."

ஐயோ, அந்தப் பாவி உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கிறான்! "அவருக்கு அவ்வளவு விவரம் பத்தாதுங்க. நான் வந்து... டாக்டரேட்."

ராகவனின் முகத்தில் மிச்சமிருந்ததும் வடிந்துவிட்டது. நம்பவில்லை போலிருக்கிறது என்று கஜபதி நினைத்தார். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து 'உம்ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்டது. தண்ணீர் மோட்டார். கரண்ட் வருகிறது, ஆனால் சுற்றவில்லை. உள்ளே சுழல்கிற ஷாஃப்ட் இறுகிப் போயிருக்கிறது. சத்தம் காதில் விழுந்த அரை நொடியில் கஜபதிக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தச் சத்தம் கேக்குதா உங்களுக்கு?" என்று ராகவன் அவர் முகத்தையே பார்த்தபடி கேட்டார்.

ஓஹோ, பரீட்சை வைக்கிறாரா! "எந்தச் சத்தம்? எனக்கு இந்த மெஷின் சமாச்சாரமெல்லாம் பழக்கமில்லைங்க," என்றார் கஜபதி கம்பீரமாக.

ராகவன் பெருமூச்சு விட்டார். "சரி... எதுக்கும் அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு ஒரு நடை வந்து பார்த்துட்டு முடிவு சொல்றோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். கஜபதி அதற்கு வீட்டையே தயார் பண்ணிக்கொண்டிருந்தார்.

டூல்பாக்ஸ் கட்டிலுக்கு அடியில் போய், அதன்மேல் பழைய போர்வை விழுந்தது. கூடத்துச் சுவரில் கஜபதி நீல யூனிஃபார்மில் 'சிறந்த தொழிலாளி' கேடயம் வாங்குகிற போட்டோ ஒன்று இருந்தது. பதினைந்து வருஷமாக அந்த வீட்டுக்கு அதுதான் அழகு. அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதும் சுவரில் சதுரமாக ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. அதை மறைக்க மாங்காடு காமாட்சி படம் போட்ட காலண்டரை மாட்டினார்.

அகல்யா பார்த்துக்கொண்டே நின்றாள். "எதுல டாக்டரேட்னு கேட்டா என்னப்பா சொல்லுவீங்க?"

"உலோகம்னு சொல்லுவேன். ஒலகத்துல இருக்கிற அத்தனை இரும்பையும் நான் தொட்டுப் பாத்திருக்கேன், தெரியுமா?"

"அப்ப அதையே சொல்லலாம் இல்ல?"

"நீ உள்ள போய்ப் படி."

பதினொன்றேகாலுக்கு ஆட்டோ வந்தது. ராகவனும் ரேவதியும் இறங்கினார்கள். ரேவதி ரிட்டயர்டு வேதியியல் பேராசிரியை. எதையும் உற்றுப் பார்த்துத்தான் பழக்கம். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, பவர் இல்லாத மூக்குக்கண்ணாடி சகிதம் கஜபதி கும்பிட்டு வரவேற்றார். கும்பிட்டதுதான் தப்பு. ரேவதி அந்தக் கைகளைப் பார்த்துவிட்டார்.

"சார், உங்க உள்ளங்கை..." என்று அவர் ஆவலாகக் கிட்டே வந்தார். "இவ்வளவு காய்ப்பு காய்ச்சிருக்கே?"

ராகவனும் எட்டிப் பார்த்தார். இரண்டு பேர் கண்ணிலும் ஒரு பளபளப்பு. மாட்டினோம் என்று கஜபதி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அது... வீணை வாசிப்பேன்ங்க."

"வீணை வாசிச்சா விரல் நுனியிலதானே காய்க்கும்?"

"நான் கொஞ்சம் அழுத்தி வாசிப்பேன்."

ராகவன் சோர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்க பில்டிங்ல ஏற்கெனவே மூணு பேர் வீணை வாசிக்கிறாங்க," என்றார், யாரோ செத்த சேதியைச் சொல்கிற குரலில்.

நல்லவேளை, வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. கஸ்தூரி காப்பி கொண்டு வந்து வைத்தாள். ரேவதி காப்பியைத் தொடாமல் எழுந்து போய் அறைக் கதவை மெல்லத் தள்ளிப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். ஜன்னல் கொண்டியைப் போட்டு எடுத்தார்.

"ராகவன், இங்க வந்து பாருங்க. கதவு கொஞ்சம்கூடச் சத்தம் போடலை. குழாய்ல ஒரு சொட்டு ஒழுகலை. இது அறுபது வருஷத்துக் குவார்ட்டர்ஸ்!"

அந்தக் கீலுக்கெல்லாம் கஜபதி தன் கையாலேயே பித்தளை வளையமாகப் புஷ் கடைந்து போட்டிருந்தார். பாராட்டு காதில் விழுந்ததும் அவருக்கு நெஞ்சு ஒரு விரற்கடை நிமிர்ந்தது. உடனே பயம் வந்து அதை அமுக்கிவிட்டது.

"யார் சார் இதெல்லாம் பண்ணது?" என்று ராகவன் கேட்டார்.

"ஒரு... ஆளு. ஃபேக்டரில ஒரு ஃபிட்டர் இருந்தாரு. அவரு வந்து பண்ணிக் குடுப்பாரு."

"ஃபிட்டரா!" இரண்டு பேராசிரியர்களும் ஒரே குரலில் கூவினார்கள். ராகவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தே விட்டார். "அவர் நம்பர் கொஞ்சம் குடுங்களேன். அவரை நாங்க பார்க்கணுமே!"

ஃபிட்டரைப் பிடித்து விசாரிக்கப் போகிறார்கள்! விசாரித்தால் குட்டு உடைந்துவிடும். இந்த ஃபிட்டருக்கு இப்போது என்ன செய்யலாம்? வேலை மாற்றலாகிப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்றும் சொல்லியிருக்கலாம். அவசரத்தில் புத்தி மட்டு.

"அவரு போன மாசம் தவறிட்டாருங்க," என்றார் கஜபதி.

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

"அடடா!" ராகவன் போனைப் பையில் போட்டுக்கொண்டார். ரேவதியின் முகத்தில் நிஜமான துக்கம். "நல்ல வேலைக்காரரா சார்?"

"முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ங்க." கஜபதியின் குரல் தானாகத் தழுதழுத்தது. "சத்தத்த வெச்சே மெஷினுக்கு என்ன கோளாறுன்னு சொல்லிடுவாரு. சிறந்த தொழிலாளின்னு கேடயம் வாங்கினவரு."

"எங்களுக்குக் குடுத்து வைக்கலை," என்றார் ராகவன்.

ஏன் இவர்களுக்குக் கொடுத்து வைக்க வேண்டும் என்று யோசிக்கக் கஜபதிக்கு நேரம் இல்லை. வாசலில் ஒரு குரல் முழங்கியது.

"ஃபிட்டர் அண்ணாத்தே! ஃபிட்டர் அண்ணாத்தே கீறாரா?"

முகமது ஆசிக். பின்வரிசைக் குவார்ட்டர்ஸ், ஃபேக்டரி ஸ்டோரில் வேலை. இருபது வருஷப் பழக்கம். கஸ்தூரிக்கு ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவன். கஜபதி ஒரே பாய்ச்சலில் கேட்டுக்குப் போய் அவனை மறித்தார்.

"எங்க வரிசை மோட்டாரு பட்த்துகிச்சி அண்ணாத்தே. காலீலேர்ந்து ஒரு ஊட்லயும் தண்ணி இல்ல. நீ வந்து ஒரு கை வெச்சாத்தான்..." ஆசிக்கின் பேச்சு பாதியில் நின்றது. வேட்டியைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். "இன்னா இது வேசம்?"

கூடத்திலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"யாரப்பா நீ? ஃபிட்டரையா தேடுற?" என்றார் கஜபதி உள்ளே கேட்கிற மாதிரி. "அவரு தவறிட்டாருப்பா. உனக்குச் சேதி தெரியாதா?"

ஆசிக் அவரை மேலும் கீழும் பார்த்தான். "ஆரு?"

"ஃபிட்டர்."

"எப்போ?"

"போன மாசம்."

ஆசிக் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தவர்களைப் பார்த்தான். மறுபடி கஜபதியைப் பார்த்தான். என்ன புரிந்ததோ, முகம் அப்படியே மாறிவிட்டது. கையில் வைத்திருந்த ஸ்பானரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"சரிங்க சார்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

இருபது வருஷத்தில் ஆசிக் அவரை 'சார்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூடக் கஜபதிக்கு அப்படி வலித்திருக்காது. வெட்கத்தில் காதுமடல் எரிந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். கஜபதி என்று பெயர் வைத்த புண்ணியவான் தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

விருந்தாளிகள் அதிக நேரம் இருக்கவில்லை. "உங்களை மாதிரி படிச்சவங்க வர்றது எங்களுக்குப் பெருமைதான். கலந்து பேசிட்டுச் சொல்றோம்," என்றார் ராகவன். அதில் 'மாட்டோம்' என்ற சொல் இல்லை, அவ்வளவுதான். ஆட்டோ தெருமுனை திரும்பியது.

கஜபதி உள்ளே வந்தார். கஸ்தூரி கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, நான் இனிமே பொட்டு வெச்சிக்கலாமா? இல்ல அதுக்கும் மேற்கு மாம்பலத்துல கேட்டுச் சொல்றீங்களா?"

"கஸ்தூரி..."

"உசுரோட கீற மனுசன் தன் வாயாலயே தன்னச் சாவடிச்சிக்கினத நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்." அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அகல்யா கட்டிலுக்கு அடியில் குனிந்து, போட்டோவை எடுத்துத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். காலண்டரைக் கழற்றிவிட்டுப் போட்டோவைப் பழைய இடத்தில் மாட்டினாள்.

"செத்துப் போனாரே, அவருதாம்பா எனக்கு ஃபீஸ் கட்டினவரு," என்றாள். "நான் ரயில்லயே போய்க்கிறேன். எனக்கு அந்த வீடு வேணாம்."

கஜபதியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மகளுக்காகத்தான் எல்லாம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மகளின் முன்னால்தான் இன்று கூனிக் குறுகி நிற்க வேண்டியிருந்தது. வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பழைய பேண்ட்டை மாட்டினார். டூல்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பின்வரிசைக்கு நடந்தார்.

ஆசிக் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"செத்தவங்க பகல்ல வர மாட்டாங்கன்னு சொல்லுவாங்க," என்றான்.

"நகருடா."

கஜபதி மோட்டாரைப் பிரித்தார். கால்மணி நேரத்தில் தண்ணீர் வந்தது. வரிசையில் எட்டுக் குழாயும் ஒன்றன்பின் ஒன்றாகச் சீறின. ஆசிக்கின் மனைவி மாடியிலிருந்து "அண்ணன் நல்லா இருக்கணும்!" என்று கத்தினாள்.

"என்னை மன்னிச்சிடு ஆசிக்."

"என்னாண்ட இன்னாத்துக்கு மன்னிப்பு?" ஆசிக் அவர் கையில் துடைக்கத் துணியைக் கொடுத்தான். "இந்தக் கையத்தானே ஒளிச்சி வெச்ச? இதாண்ட மன்னிப்பு கேளு. அப்பறம் அவங்களாண்ட போய் நெசத்த சொல்லிட்டு வந்துரு. ஊடு கெடைக்காட்டி போவட்டும், தூக்கமாச்சும் வரும்."

சொல்வது சுலபம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கஜபதி போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தார். 'சார், நான் டாக்டர் இல்ல' என்று சொல்லிப் பழகியும் பார்த்தார். ஃபேக்டரியில் லேத் ஓடுகிற சத்தத்தில் சொன்னால் நன்றாகத்தான் வந்தது. போனில் எண்ணைப் போட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை லீவு போட்டார். வேண்டுமென்றே யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டார். மார்பில் 'ஃபிட்டர்' என்று எழுதிய பட்டை. அகல்யாவோடு அதே அதிகாலை ரயிலில் ஏறினார். அவள் அவர் தோளில் சாய்ந்து சென்ட்ரல் வரை தூங்கினாள். என்ன கனம் இந்தப் பெண்ணின் தூக்கம் என்று கஜபதி தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். வகுப்பு வாசலில் அவளை விட்டுவிட்டு, எதிர்க் கடையில் இரண்டு டீ குடித்து மணி ஒன்பது ஆகட்டும் என்று காத்திருந்து, ஞானாலயாவுக்கு நடந்தார். கையைப் பாக்கெட்டில் போடவில்லை.

கட்டடத்தின் கீழே ஓர் அம்மாள் தொட்டியிலிருந்து கயிற்று வாளியால் தண்ணீர் இறைத்துக் குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஏழு வீட்டுக்கும் வேலை பார்க்கிற ராஜகுமாரி. பெயருக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம், மூச்சு இரைத்தது.

"இன்னா சார், ஆர பாக்கணும்?"

"ராகவன் சார."

"அல்லாரும் வெளிய போயிக்கீறாங்க. மதியானம் ஆவும்."

கஜபதி படிக்கட்டில் உட்காரப் போனார். அவள் ஒரு குடத்தை மேலே கொண்டு போய் வைத்துவிட்டு வந்து, சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினாள். மூலையில் மோட்டார் 'உம்ம்ம்' என்றது.

"ஆஃப் பண்ணும்மா! உள்ள காயில் கம்பி எரிஞ்சி பூடும்!" கஜபதி துள்ளி எழுந்தார்.

"டெய்லி ஒருவாட்டி போட்டுப் பாக்குறது சார். உறுமுதே ஒய்ய ஓட மாட்டுது. பிளம்பரு இன்னிக்கு வரேன், நாளிக்கு வரேன்றான். மூணு மாசமா என் இடுப்புதான் இந்த ஊட்டுக்கு மோட்டாரு."

மூணு மாசம்! கஜபதி பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கினார். பின்மூடியைக் கழற்றினார். ஷாஃப்ட் முனையில் எண்ணெய் விட்டு, ஸ்க்ரூடிரைவரை வைத்து மெல்லத் திருப்பினார். வரமாட்டேன் என்றது. இன்னொரு தரம், பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். 'கடக்' என்று விட்டது. கையால் சுற்றிப் பார்த்தார், பம்பரமாகச் சுற்றியது. இரண்டு வாளித் தண்ணீரைப் பம்ப்பில் ஊற்றி நிரப்பி, மூடியை முடுக்கினார்.

"இப்பப் போடு."

மோட்டார் கனைத்துக்கொண்டு ஓடியது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற ஓசை குழாய் வழியாகக் கீழே வரைக்கும் கேட்டது. ராஜகுமாரி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கன்னத்தில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"சாமி மாரி வந்த சார்!"

கஜபதி சிரித்தார். நகக்கண்ணெல்லாம் மறுபடி கறுப்பு. இனி வீடு கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. ராகவன் வரட்டும், இந்தக் கையைக் காட்டி, நான் ஃபிட்டர் சார் என்று சொல்லிவிட்டு, தலைநிமிர்ந்து ஆவடிக்கு ரயிலேறலாம் என்று தோன்றியது.

"அவங்கல்லாம் எங்கம்மா போயிருக்காங்க, காலைலயே?"

"மேல காலியா கீற ஊட்ட வித்துட்டாங்க சார். அக்ரிமென்ட்டு போடப் போயிக்கீறாங்க. ஏயு ஊட்டுக்காரங்களும் சந்தோசமா போனாங்க, இன்னா சிரிப்பு இன்னா பேச்சு!"

கஜபதிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அகல்யாவின் தூங்குகிற முகம் நினைவுக்கு வந்தது. இருக்கட்டும், இந்த இடத்துக்குத் தகுந்த ஆள் கிடைத்திருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

"வாங்குறவரு பெரிய படிப்பு படிச்சவரா இருப்பாரு, இல்லம்மா?"

"ஐய, நீ ஒண்ணு சார்! அம்பத்தூர் எஸ்டேட்ல ஒன்ன மாரியே ஃபிட்டரு. மோட்டாரு பாக்க தெரிஞ்சவன் ஒருத்தன் இந்த ஊட்ல குடி வரணும்னு எல்லா புரோக்கராண்டயும் சொல்லி வெச்சிகினு தவம் கெடந்தாங்க, ஆனா வாய வுட்டுக் கேக்க மட்டும் வெக்கம், படிச்சவங்க இல்ல? போன வாரம் ஆவடில ஒரு ஃபிட்டரு கீறாருன்னு ஆசையா அவரு ஊட்டுக்கே போய்ப் பாத்தாங்க; அங்க போனா, ஃபிட்டரு செத்துப் பூட்டாராம், அவரு எடத்துல இன்னொரு டாக்டரு குந்திகினு கீறாராம்!"